சில்லறைச் சண்டைகளால் என்ன பயன்? மூன்று தன்னார்வக் குதிரைப்படைகளின் பதினாறு நாள்

கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தன்னார்வக் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகளின் வரலாற்றைப் புரட்டினால், இந்த ஊருக்குப் போனார்கள், அந்த ஆற்றைக் கடந்தார்கள், ஒரு பாலத்தருகே நூறு பேரோடு மோதினார்கள் என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. பெரிய போர்களில் அவர்கள் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை. இத்தனை அலைச்சலாலும் சில்லறைச் சண்டையாலும் யாருக்கு என்ன லாபம்?

பொதுப்படையாகப் பதில் சொல்வதைவிட ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வது நல்லது. 1863 ஏப்ரல் 17 முதல் மே 2 வரை, 6ஆம் இல்லினாய், 7ஆம் இல்லினாய், 2ஆம் ஐயோவா என்ற மூன்று தன்னார்வக் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகள் மிசிசிப்பி மாநிலத்துக்குள் புகுந்து வந்த கதை அது. தளபதியின் பெயரால் கிரியர்சன் தாக்குதல் என்பார்கள். அதில் நடந்த ஒவ்வொரு மோதலும் சின்னது. ஆனால் எது எதற்காக நடந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். போர் தொடங்கியபோது அமெரிக்க அரசின் நிரந்தரப் படையில் குதிரை வீரர்களின் ரெஜிமென்ட் ஐந்தே ஐந்துதான் இருந்தது. மீதி அத்தனையும் மாநில ஆளுநர்கள் ஆள் சேர்த்துத் திரட்டியவை. பன்னிரண்டு கம்பெனிகள் சேர்ந்தது ஒரு ரெஜிமென்ட். ஏட்டில் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். காய்ச்சலும் பேதியும் போக, களத்தில் நிற்பவர்கள் அதில் பாதி தேறினாலே அதிகம். ஒரே வட்டாரத்துப் பையன்கள் ஒரே கம்பெனியில் சேர்வார்கள். அண்ணன் கேப்டன், தம்பி சிப்பாய் என்பதெல்லாம் சகஜம்.

அதிகாரிகளும் அப்படித்தான். 6ஆம் இல்லினாயின் கர்னல் பெஞ்சமின் கிரியர்சன் ஜாக்சன்வில் என்ற ஊரில் சங்கீத வாத்தியாராக இருந்தவர், பேண்டு வாத்தியக் குழு நடத்தியவர். எட்டு வயதில் குதிரை முகத்தில் உதைத்து உயிர் தப்பியவர், அதனால் குதிரை என்றாலே அவருக்கு ஆகாது. 2ஆம் ஐயோவாவின் எட்வர்ட் ஹாட்ச் மர வியாபாரி. 7ஆம் இல்லினாயின் எட்வர்ட் பிரின்ஸ் வக்கீல். இவர்கள் வடக்கத்தியவர்கள், அதாவது அமெரிக்க அரசின் பக்கம்; எதிரி, அந்த அரசிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள். போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் தெற்கத்திக் குதிரைப்படைதான் கை ஓங்கி நின்றது. வடக்கத்தியவர்கள் குதிரையேற்றத்தையே படையில் சேர்ந்த பிறகு பழகிக்கொண்டிருந்தார்கள் என்ற கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

1863 வசந்தத்தில் நிலைமை இப்படி. மிசிசிப்பி ஆற்றின் கழுத்தைப் பிடித்ததுபோல் விக்ஸ்பர்க் கோட்டை நிற்கிறது. அதைப் பிடிக்க வந்த வடக்கத்தி ஜெனரல் கிராண்ட் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறார். கோட்டைக்குத் தெற்கே எங்காவது ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையில் இறங்க வேண்டும். இறங்கும் நேரத்தில் எதிரி அங்கே திரண்டு நின்றால் கதை முடிந்தது. கோட்டையைக் காக்கும் தெற்கத்தித் தளபதி பெம்பர்ட்டனிடம் காலாட்படை நிறைய உண்டு, குதிரைப்படைதான் இல்லை. அவரிடமிருந்ததில் பெரும் பகுதியை வான் டோர்ன் தலைமையில் டென்னசிக்கு அனுப்பியிருந்தார்கள். கோட்டைக்கு உணவும் வெடிமருந்தும் கிழக்கிலிருந்து ஒற்றை ரயில் பாதை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அந்தப் பாதையை நடுவில் வெட்ட வேண்டும், வெட்டுகிற சாக்கில் பெம்பர்ட்டனின் பார்வையையும் ஆற்றிலிருந்து திருப்ப வேண்டும். கிரியர்சனுக்கு இட்ட வேலை அதுதான்.

ஏப்ரல் 17 விடியலில் டென்னசி எல்லையில் உள்ள லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேர் கிளம்பினார்கள். கூடவே ஆறு சின்னப் பீரங்கிகள், இரண்டு பவுண்டு குண்டு போடுபவை. ஆளுக்கு ஐந்து நாள் உணவு, அதைப் பத்து நாளுக்கு இழுக்க வேண்டும் என்று உத்தரவு. நாற்பது தோட்டா. கூடாரம் இல்லை, சாமான் வண்டி வரிசை இல்லை. குதிரைக்கும் மனிதருக்கும் மிச்சம் வேண்டியதைப் போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கிரியர்சனின் சட்டைப்பையில் ஒரு சின்ன மிசிசிப்பி வரைபடம், ஒரு திசைகாட்டி, வாயில் வைத்து வாசிக்கும் ஒரு மோர்சிங்.

முதல் மூன்று நாள் ரிப்ளி, நியூ ஆல்பனி, பாண்டடாக் என்று தெற்கு நோக்கி நேர்கோட்டில் போனார்கள். நான்காம் நாள், ஏப்ரல் 20 அதிகாலையில், கிரியர்சன் ஒரு காரியம் செய்தார். நோயாளிகள், நொண்டும் குதிரைகள், பிடிபட்ட கைதிகள் எல்லாரையும் பிரித்து, ஏறத்தாழ 175 பேரை மேஜர் லவ் தலைமையில் வந்த வழியே திருப்பி அனுப்பினார். மற்றவர்கள் இவர்களைக் காய்ச்சல் மருந்தின் பெயரால் கொய்னா படை என்று கிண்டல் செய்தார்கள். நான்கு நான்கு பேராக வரிசை கட்டி, பாண்டடாக் ஊருக்குள் இருட்டில் சத்தத்தோடு கடந்து போகச் சொல்லி உத்தரவு. தெற்கு நோக்கிப் போன குளம்புத் தடங்களின் மேல் வடக்கு நோக்கிய தடங்கள் விழும், ஊர்க்காரர்கள் படை முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்வார்கள். பலவீனமான ஆட்களைக் கழித்துவிட வேண்டிய அவசியம் எப்படியும் இருந்தது. அந்த அவசியத்தையே ஒரு பொய்த்தடமாக மாற்றிக்கொண்டார்.

மறுநாள் ஏப்ரல் 21 அன்று நடந்ததுதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. புகழ் எல்லாம் பயணம் முடிந்த இடமான, லூசியானாவில் வடக்கத்தியவர் கையில் இருந்த பேடன் ரூஜ் வரை போனவர்களுக்குக் கிடைத்தது. 2ஆம் ஐயோவாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. அந்த ஆதங்கத்தோடுதான் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கிளார்க் பார்ட்டோ என்ற தெற்கத்தி லெப்டினன்ட் கர்னல் தன் குதிரைப்படையோடு பின்னால் துரத்தி வந்துகொண்டிருந்தார். கிரியர்சன் ஒரு சாலைப் பிரிவில் நின்று, ஹாட்சையும் ஏறத்தாழ 500 ஐயோவா வீரர்களையும் ஒரு பீரங்கியையும் கிழக்கே அனுப்பினார். மொபைல்–ஒஹாயோ ரயில் பாதையை முடிந்தால் உடை, பிறகு வடக்கே திரும்பி லா கிரேஞ்ச் போய்ச் சேர் என்பது உத்தரவு. கிரியர்சன் மற்ற இரண்டு ரெஜிமென்ட்டுகளோடு தெற்கே ஸ்டார்க்வில் சாலையில் போய்விட்டார்.

ஹாட்ச் உடனே கிழக்கே திரும்பிவிடவில்லை. தன் ஆட்களில் ஒரு பிரிவைக் கிரியர்சனுக்குப் பின்னால் சில மைல் தூரம் போகவிட்டு, அங்கிருந்து நான்கு நான்கு பேராகத் திரும்பி வரச் செய்தார். மழையில் ஊறிய மண் சாலை அது. தெற்கே போன தடங்கள் மிதிபட்டு அழிந்தன, கடைசியாகப் பதிந்த தடம் எல்லாம் வடக்கு நோக்கியே இருந்தது. பீரங்கியை வேறு வேறு நான்கு இடங்களில் வட்டமடித்துத் திருப்பினார்கள். சக்கரத் தடத்தைப் பார்ப்பவர் நான்கு பீரங்கி திரும்பியதாகத்தான் கணக்குப் போடுவார். பார்ட்டோ அந்தப் பிரிவில் குனிந்து தடம் பார்த்தார், மொத்தப் படையும் ரயில் பாதையை நோக்கிக் கிழக்கே போகிறது என்று முடிவு கட்டினார், ஐயோவாக்காரர்களின் பின்னாலேயே ஓடினார்.

அன்றே பாலோ ஆல்டோ என்ற சின்னக் குடியிருப்பருகே ஹாட்சைப் பிடித்துவிட்டார். இருபுறமும் வேலியடைத்த ஒரு சந்துப் பாதையில் ஐயோவா வீரர்கள் சிக்கினார்கள். இந்த மாதிரி நேரத்தில் தன்னார்வக் குதிரைப்படை என்ன செய்யும் என்று பாருங்கள். வாளை உருவிக்கொண்டு பாய்வது கிடையாது. குதிரையை விட்டு இறங்குவார்கள். நான்கு பேருக்கு ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளையும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் மறைவுக்குப் போய்விடுவார். அதாவது சண்டை தொடங்கியதுமே படையில் கால்வாசி ஆள் குறைந்துவிடும். மற்ற மூவரும் வேலிக்கும் மரத்துக்கும் பின்னால் படுத்துக்கொண்டு கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியாலோ நீளத் துப்பாக்கியாலோ சுடுவார்கள். ஐயோவாக்காரர்களிடம் ஒருமுறை நிரப்பினால் தொடர்ந்து பல தோட்டா சுடும் கோல்ட் துப்பாக்கிகள் இருந்தன, அந்தச் சிறு பீரங்கியும் கைகொடுத்தது. சண்டையிலிருந்து வெளியே வந்தார்கள்.

ரயில் பாதையை உடைக்கும் வாய்ப்பு ஹாட்சுக்குக் கிடைக்கவே இல்லை. அந்த அளவில் தோல்விதான். ஆனால் அவர் வடக்கே மெல்ல மெல்ல நகர்ந்தார், ஒக்கலோனாவில் எதிரியின் படைக் கொட்டகைகளை எரித்தார், ஏப்ரல் 24 அன்று பர்மிங்காம் என்ற சிற்றூர் அருகே பின்தொடர்ந்தவர்களோடு மறுபடி மோதினார். அந்தச் சண்டையில் பார்ட்டோவின் ஆட்களுக்குத் தோட்டா தீர்ந்துகொண்டே வந்தது. ஹாட்ச் ஓடையைக் கடந்து பாலத்தை எரித்துவிட்டு ஏப்ரல் 26 அன்று லா கிரேஞ்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் வடக்கு மிசிசிப்பியின் குதிரைப்படை அவர் பின்னாலேயே சுற்றியது. தெற்கே கிரியர்சனைத் துரத்த ஒரு நாய்கூட இல்லை.

இதுதான் சில்லறைச் சண்டையின் கணக்கு. பாலோ ஆல்டோவில் யார் ஜெயித்தார் என்று கேட்டால் சரியான பதில் வராது. எத்தனை நாள் எதிரியைத் தன் பக்கம் கட்டிப்போட்டார் என்று கேட்க வேண்டும்.

கிரியர்சனிடம் இப்போது ஆயிரத்துக்கும் குறைவான ஆட்கள். ஸ்டார்க்வில்லுக்குத் தெற்கே நாக்ஸுபீ ஆற்றுச் சதுப்பில் குதிரைகள் வயிறு வரை சேற்றில் இறங்கின, சில அமிழ்ந்தே போயின. குதிரையிழந்தவர்கள் சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த பண்ணையில் குதிரையோ கோவேறு கழுதையோ பிடித்து ஏறிக்கொண்டார்கள். பண்ணையாளர்கள் தங்கள் குதிரைகளைக் காட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். எங்கே என்று வந்து காட்டியவர்கள் அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். பலர் அப்படியே படையின் பின்னால் நடந்து விடுதலைக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பயணத்தைப் பற்றிய வீரக்கதைகள் அவர்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது நியாயமில்லை. வழியும் செய்தியும் குதிரையும் தந்தவர்கள் அவர்கள்தான்.

முன்னால் வேவு பார்க்க ஒரு குழு இருந்தது. 7ஆம் இல்லினாயின் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ப்ளாக்பர்ன் யோசனையில், சார்ஜன்ட் ரிச்சர்ட் சர்பி தலைமையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், தெற்கத்தியவர்களைப் போல உடுத்திக்கொண்டு படைக்கு முன்னே போனார்கள். எதிரிக் காவல் ஆட்களோடு பேச்சுக் கொடுப்பார்கள், பாலம் எரிக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பார்கள், பிறகு ரிவால்வரை நீட்டிக் கைது செய்வார்கள். மாட்டிக்கொண்டால் அவர்கள் போர்க் கைதிகள் இல்லை, உளவாளிகள். தூக்குக் கயிறுதான். ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் இந்தப் படை கடந்த பாலங்கள் அத்தனைக்கும் இவர்கள்தான் காரணம்.

ஏப்ரல் 24 காலையில், விக்ஸ்பர்க்குக்குப் போகும் அந்த ரயில் பாதையில் இருந்த நியூட்டன் ஸ்டேஷன். ப்ளாக்பர்ன் தன் ஆட்களோடு முந்திப் போய், குதிரைகளைக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைத்துக் காத்திருந்தார். அடுத்தடுத்து வந்த இரண்டு ரயில்களைப் பிடித்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டு, வெடிமருந்துப் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். குண்டுகள் வெடித்த சத்தம் கேட்டுப் பின்னால் வந்த கிரியர்சன் பெரிய சண்டை என்று நினைத்துப் படையோடு பாய்ந்து வந்தாராம். இரண்டு எஞ்சின்களையும் வெடித்துச் சிதறவிட்டார்கள். தண்டவாளக் கட்டைகளை அடுக்கி எரித்து, அதன்மேல் இரும்பைப் போட்டுக் காய்ச்சி வளைத்தார்கள். தந்திக் கம்பங்களை வெட்டினார்கள், கிழக்கே இருந்த பாலங்களை உடைத்தார்கள். எழுபத்தைந்து கைதிகளிடம் இனி சண்டையிட மாட்டோம் என்று எழுதி வாங்கி விட்டுவிட்டார்கள். இத்தனையும் ஒரு முற்பகல் வேலை.

இதற்கிடையில் இரண்டு நாள் முன்பே, 7ஆம் இல்லினாயின் பி கம்பெனி, கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸ் தலைமையில் 35 பேர், மேக்கன் ஊர்ப் பக்கம் தந்திக் கம்பி வெட்டப் பிரிந்து போயிருந்தது. மேக்கனில் படை இருந்ததால் உள்ளே போக முடியவில்லை. கிரியர்சனைத் தேடிக்கொண்டு தெற்கே வந்து, என்டர்பிரைஸ் என்ற ஊரில் எதிரியின் பெரிய காலாட்படைக்கு எதிரிலேயே போய் நின்றுவிட்டார்கள். ஃபோர்ப்ஸ் வெள்ளைக் கொடி பிடித்து முன்னால் போய், பெரிய படை பின்னால் வருகிறது என்ற தோரணையில் சரணடையச் சொல்லிக் கேட்டார். ஊரைக் காத்த கர்னல் யோசிக்க ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் முப்பத்தைந்து பேரும் கண்காணாமல் போய்விட்டார்கள். நாட்கணக்கில் அலைந்து, ஸ்ட்ராங் ஆற்றுப் பாலத்தைப் பின்காவல் வீரர்கள் எரிக்கப் போகும் தறுவாயில் வந்து சேர்ந்தார்கள். பாலத்தை எரிப்பதைத் தடுக்க முன்னால் ஓடி வந்தவர்களில் கேப்டனின் தம்பி ஸ்டீபன் ஃபோர்ப்ஸும் ஒருவர். பின்னாளில் ஏரியை ஒரு முழு உயிர்ச்சூழலாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரிய இயற்கை அறிவியலாளராக அறியப்பட்ட அதே ஸ்டீபன் ஃபோர்ப்ஸ்.

என்டர்பிரைஸில் 35 பேர் காட்டிய பாவனையால், அங்கே ஒரு படை இருப்பதாக எதிரி நம்பினான். பெம்பர்ட்டன் கிழக்கே மெரிடியன் பக்கம் ஜெனரல் லோரிங்கின் காலாட்படையை நிறுத்திவைத்தார். குதிரையில் போகிறவனைக் காலாட்படையை வைத்துப் பிடிக்க முயன்றதுதான் அவர் செய்த பெரிய தவறு. ஒவ்வொரு தந்தியும் கிரியர்சன் முந்தின நாள் இருந்த இடத்தைப் பற்றியே பேசியது.

ஏப்ரல் 27 அன்று பெர்ல் ஆறு. வெள்ளம், பாலம் இல்லை, ஒரு தட்டைப் படகு மட்டும். கர்னல் பிரின்ஸ் 200 பேரோடு இருட்டிலேயே முந்திப் போய்க் கரையிலிருந்து குரல் கொடுத்தார். மறுகரையில் இருந்த படகுக்காரர் அவர்களை அலபாமாக் குதிரைப்படை என்று நம்பிப் படகைக் கொண்டுவந்துவிட்டார். ஒரு நடைக்கு இருபத்து நான்கு குதிரை. கொஞ்ச நேரத்தில் படகை அழிக்கச் சொல்லி உத்தரவோடு வந்த தூதனும் பிடிபட்டான். கடந்த கையோடு ஹேசல்ஹர்ஸ்ட் ரயில் நிலையத் தந்தி அலுவலகத்துக்குள் மாறுவேட வீரர்கள் நுழைந்து, வடக்கத்தியவர்கள் ஆற்றைக் கடக்க முடியாமல் வடகிழக்கே போய்விட்டார்கள் என்று மிசிசிப்பித் தலைநகர் ஜாக்சனுக்குச் செய்தி அடித்தார்கள். எரித்த வண்டிகளிலிருந்து தீ ஊர்க் கட்டடங்களுக்குப் பரவியபோது சிப்பாய்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தீயை அணைத்தார்கள்.

கிரியர்சன் மேற்கே திரும்பினார். கிராண்ட் ஆற்றைக் கடந்தால் அவரோடு சேர்ந்துகொள்வது எண்ணம். ஏப்ரல் 28 அன்று யூனியன் சர்ச் என்ற இடத்தில் வர்ட் ஆடம்ஸின் குதிரைப்படையோடு மோதல். இந்த ஆடம்ஸ் எங்கிருந்து வந்தார் என்பதுதான் விஷயம். ஆற்றங்கரையில் கிராண்ட் கல்ஃப் பக்கம் காவல் காக்க வேண்டியவர். கிரியர்சனைப் பிடி என்று உத்தரவு வந்ததால் கரையை விட்டு உள்ளே வந்துவிட்டார். ஃபாயெட் சாலையில் அவர் பதுங்கியிருப்பது வேவுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. மேற்கே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, கிரியர்சன் கிழக்கே ப்ரூக்ஹேவனுக்குத் திரும்பி, ரயில் பாதையை எரித்துக்கொண்டே தெற்கே இறங்கினார். ஏப்ரல் 30 அன்று கிராண்ட் ப்ரூயின்ஸ்பர்க்கில் எதிர்ப்பே இல்லாமல் ஆற்றைக் கடந்து இறங்கினார். கரையைக் கண்காணிக்க அங்கே குதிரைப்படை இல்லை. விக்ஸ்பர்க் ஜூலை 4 அன்று சரணடைந்தது. கிராண்டின் வெற்றிக்கு வேறு பல காரணங்களும் உண்டு, வடக்கே கிராண்டின் கீழிருந்த ஜெனரல் ஷெர்மன் காட்டிய போலித் தாக்குதல் அதில் முக்கியமானது. ஆனால் ஆடம்ஸ் அன்றைக்குக் கரையில் இல்லாமல் போனதற்கு இந்த இரண்டு இல்லினாய் ரெஜிமென்ட்டுகள் நேரடிக் காரணம்.

மே 1 அன்றுதான் இந்தப் பயணத்திலேயே மோசமான மோதல் நடந்தது. டிக்ஃபா ஆற்றில் வால்ஸ் பாலம். மேஜர் டி பான் தலைமையில் மூன்று தெற்கத்திக் கம்பெனிகள் பாலத்தருகே மதியம் இளைப்பாறிக்கொண்டிருந்தன. சர்பியின் ஆட்கள் வழக்கம்போல் காவல் ஆட்களைச் சத்தமின்றிப் பிடித்துவிட்டார்கள். ஆனால் பின்னால் எங்கோ துப்பாக்கி வெடித்து எதிரி விழித்துக்கொண்டான். ப்ளாக்பர்ன் பொறுமையிழந்து, வேவுக்காரர்களைப் பின்னால் வரச் சொல்லிக் கூவிக்கொண்டு குறுகிய மரப்பாலத்தின்மேல் குதிரையை விரட்டினார். மறுகரை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் சுட்டார்கள். ப்ளாக்பர்ன் பாலத்தைத் தாண்டும்போதே விழுந்தார், சர்பிக்குத் தொடையில் குண்டு. அடுத்துப் பாய்ந்த சிறு குழுவும் குண்டுபட்டுப் பின்வாங்கியது. கிரியர்சன் வந்ததும் வீரர்களை இறக்கி ஆற்றோரம் இருபுறமும் பரப்பி, பீரங்கியை முன்னுக்குக் கொண்டுவந்து சில குண்டு போட்டார். எதிரி போய்விட்டான். இரண்டாவதாகச் செய்ததை முதலிலேயே செய்திருந்தால் ப்ளாக்பர்ன் பிழைத்திருப்பார். துணிச்சலில் அவருக்கு நிகர் அந்தப் படையில் யாரும் இல்லை. ஆனால் இது வாளும் வேகமும் நம்பிச் செய்த பாய்ச்சல், இந்தப் பதினாறு நாளில் பெருத்த விலை கொடுத்ததும் இங்கேதான்.

காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை. பக்கத்துப் பண்ணை வீட்டில் விட்டார்கள். சர்பியின் தெற்கத்தி உடுப்பைக் கழற்றிப் படை உடுப்பை மாட்டினார்கள், இல்லாவிட்டால் தூக்கில் போட்டுவிடுவார்கள். படை மருத்துவர் யூலும் சார்ஜன்ட் மேஜர் லெசூரும் சிறைபடுவோம் என்று தெரிந்தே காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார்கள். ப்ளாக்பர்ன் மே 17 அன்று இறந்தார். சர்பி பிழைத்தார்.

அதன்பின் ஓட்டம்தான். நள்ளிரவில் ஏமிட் ஆற்றின் வில்லியம்ஸ் பாலத்தைக் கடந்தார்கள். அது அடைபட்டிருந்தால் மொத்தப் படையும் மாட்டியிருக்கும். விடியலில் சாண்டி கிரீக்கில் ஒரு முகாமையும், பிறகு கோமிட் ஆற்றங்கரையில் ஒரு காவல் படையையும் பிடித்தார்கள். கடைசி 28 மணி நேரத்தில் 76 மைல், நான்கு மோதல், உணவு இல்லை. பேடன் ரூஜுக்குச் சில மைல் முன்னால் நிறுத்தியதும் ஆட்கள் சேணத்திலிருந்து விழுந்து தூங்கினார்கள். தூங்கிவிடாமல் இருக்க கிரியர்சன் ஒரு பண்ணை வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த வடக்கத்திப் படைக்கு இவர்கள் யாரென்றே நம்ப முடியவில்லை, ஒரு கேப்டனை அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள்.

பதினாறு நாள், ஏறத்தாழ 600 மைல். கிரியர்சனின் அறிக்கைப்படி அவர் பக்கம் மூன்று பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயம், ஒன்பது பேரைக் காணவில்லை, நோயால் வழியில் விட்டது ஐந்து பேர். எதிரியின் பக்கம் நூறு பேர் வரை கொல்லப்பட்டோ காயப்பட்டோ இருப்பார்கள் என்றும் ஐந்நூறுக்கு மேல் கைதிகளை எழுதி வாங்கி விட்டதாகவும் அவர் எழுதினார். எதிரி இழப்பைப் பற்றித் தளபதிகள் எழுதும் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வது நல்லது. உடைத்த தண்டவாளத்தைச் சில வாரங்களில் சரிசெய்துவிட முடியும் என்பதும் உண்மை. அதனால்தான் உடைத்ததை வைத்து இந்தப் பயணத்தை அளக்கக் கூடாது என்கிறேன்.

இதே நாட்களில் அலபாமாவில் கர்னல் ஸ்ட்ரெய்ட் தலைமையில் இன்னொரு வடக்கத்திப் படையும் இதே வேலைக்குக் கிளம்பியது. கோவேறு கழுதைகளில் ஏற்றிவிடப்பட்ட காலாட்படை அது. தெற்கின் மிகச் சிறந்த குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்ட் விடாமல் துரத்தி மே 3 அன்று அவர்களை மொத்தமாகச் சிறைப்பிடித்தார். ஃபாரஸ்ட் அங்கே மாட்டிக்கொண்டதும் கிரியர்சனுக்கு உதவிதான்.

மர வியாபாரி ஹாட்சும் சங்கீத வாத்தியார் கிரியர்சனும் போருக்குப் பிறகு நிரந்தரப் படையிலேயே தங்கிவிட்டார்கள். 1866இல் கறுப்பின வீரர்களைக் கொண்டு புதிதாக அமைக்கப்பட்ட 9ஆம் குதிரைப்படைக்கு ஹாட்சும், 10ஆம் குதிரைப்படைக்கு கிரியர்சனும் கர்னல் ஆனார்கள். அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால், அந்த இரண்டு ரெஜிமென்ட்டுகளின் மேற்கு எல்லை ஆண்டுகளைச் சொல்வேன். அதே நீண்ட ரோந்து, அதே சிறு மோதல்கள், இன்னும் கடினமான நிலத்தில்.